எத்தனை சைடு?

பிப்ரவரி 2, வெள்ளி
ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆக்ஸிஜன் அளவு 88. ராத்திரி இரண்டு மணிக்கு 86. தூக்கத்தில் மூக்குக் குழாயை இழுத்துவிடுகிறார். கருவி கத்துகிறது, நான் எழுகிறேன், அவர் எழுவதில்லை.

பிப்ரவரி 3, சனி
எத்தனை வருஷம் புகை பிடித்தார் என்று மூன்றாவது ஆளும் கேட்டார். பிடித்ததே இல்லை என்று மூன்றாவது தடவையும் சொன்னேன். சாயங்காலம் வயதான டாக்டர் ஒருவர் வந்தார். அவர் புகையைப் பற்றிக் கேட்கவில்லை, என்ன வேலை பார்த்தார் என்றார். நூல் மில் என்றேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகுமா, அதைக் கேளுங்கள் என்றார்.

கேட்டேன். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கெப்படித் தெரியும், அம்மணி?"

படிக்கிற காலத்தில் இந்த மாநிலத்திலேயே நிறையப் பார்த்தாராம். பஞ்சுத் தூசியால் வருகிற நோய், இங்கே அதற்குப் பேர் பழுப்பு நுரையீரல். வட கரோலினா முழுக்க ஒரு காலத்தில் பஞ்சாலைகள்தானாம். ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆபீசு பழைய சிகரெட் ஃபாக்டரிக் கட்டடத்தில். ஜன்னலைத் திறந்தால் லக்கி ஸ்ட்ரைக் என்று எழுதிய புகைக்கூண்டு. அதன் கீழே உட்கார்ந்து டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். இங்கே யார் வேலை பார்த்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு
தூக்கம் இல்லை. ஃபோனில் தேடிக்கொண்டே போனேன்.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாமல் கிடந்த எழுத்தாளர், வாத்தியார், பத்திரிகைக்காரர்களுக்கெல்லாம் அமெரிக்க அரசாங்கம் சம்பளம் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறது. 1935இல் தொடங்கிய கூட்டாட்சி எழுத்தாளர் திட்டம். வழிகாட்டி நூல்கள்தான் முதல் வேலை. பிறகு வீடு வீடாகப் போய், உன் வாழ்க்கையைச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். 1936 முதல் 1940 வரை, 24 மாநிலங்களில், 300க்கும் மேற்பட்டவர்கள் எழுதியது ஏறத்தாழ 2,900 ஆவணங்கள். அவை அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. தெற்கு மாநிலக் கதைகள் நிறைய இங்கிருந்து அரை மணி தூரத்தில், சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில். பின்னாளில் பெரிய பேர் வாங்கிய ரால்ஃப் எலிசன், ஜோரா நீல் ஹர்ஸ்டன் எல்லாம் அந்தத் திட்டத்தில் கூலிக்கு எழுதியவர்கள்.

தட்டச்சுத் தாள்களை அப்படியே படமாக்கி வைத்திருக்கிறார்கள். அடித்தல், பேனாத் திருத்தம், ஓரத்தில் தேதி. டேப் ரிக்கார்டர் இல்லை. பேச்சைக் கேட்டுவிட்டு, குறிப்பையும் நினைவையும் வைத்து எழுதியது. பல தாள்களில் பேரை மாற்றியிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் கதை சொன்னவரே சொன்னதா, எழுதியவர் சேர்த்ததா என்று நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டியிருக்கிறது.

விடிய நாலு மணிவரை படித்தேன். 90.

பிப்ரவரி 5, திங்கள்
காப்பீட்டுக்காரர்கள் ஃபோனில் 52 நிமிஷம். முன்பே இருந்த நோயா, இல்லையா. அதை அவர்களே தீர்மானிப்பார்களாம்.

பிப்ரவரி 6, செவ்வாய்
மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். உறிஞ்சினால் உள்ளே ஒரு கட்டை மேலே ஏறும். 1500 வரைக்கும் கோடு போட்டுவிட்டுப் போனாள் நர்ஸ். அப்பாவுக்கு 500ஐத் தாண்டவில்லை.

கோபத்தில் அதைத் தள்ளிவைத்துவிட்டு, "நீ ராத்திரியெல்லாம் என்ன அதுல பார்த்துட்டிருக்கறே?" என்றார்.

இந்த ஊர் மில்லுக்காரங்க சொன்ன கதைங்கப்பா என்றேன். படி என்றார். இங்கிலீஷை மனசுக்குள் தமிழாக்கிப் படித்தேன். பத்து, பதினோரு வயதில் வேலைக்குப் போனவர்கள். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். மில்லுக்குச் சொந்தமான வீடு, அறைக்கு இவ்வளவு என்று வாடகை, அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. கம்பெனிக் கடையில் பற்று. நூல் அறுந்துவிடும் என்று ஜன்னலைத் திறக்க விடாமல், உள்ளே ஈரத்தைத் தெளித்துக்கொண்டே இருப்பது. தலையெல்லாம் பஞ்சோடு தெருவில் போனால் ஊரார் 'லின்ட்ஹெட்' என்று கூப்பிடுவது. பஞ்சுத்தலை.

அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன்.

"ஸ்பின்னிங்ல ஒரு ஆளுக்கு எத்தனை சைடு?"

நூற்பு மெஷினின் ஒரு பக்கம்தான் ஒரு சைடு. ஒரு ஆள் எத்தனை பார்த்தார் என்பது அந்தத் தாளில் இல்லை.

"அதைக் கேக்காம என்னத்தைக் கேட்டு எழுதுனாங்க?"

பிப்ரவரி 7, புதன்
எத்தனை சைடு என்பதையே தேடினேன். கிடைக்கிறது, ஆனால் ஆளுக்கு ஆள், மில்லுக்கு மில் வேறு. ஒன்று மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள்: 1920களின் கடைசியில் சைடைக் கூட்டினார்கள். 'ஸ்ட்ரெச் அவுட்' என்று அதற்குப் பேர். அதே ஆள், அதே சம்பளம் அல்லது குறைச்சல், ஆனால் மெஷின் ஜாஸ்தி. ஸ்டாப் வாட்ச்சோடு ஒருவர் பின்னால் நின்று, கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தைக்கூட எழுதுவது.

அப்பாவிடம் சொன்னேன். மருந்து ஏறுகிற கையையே தூக்கி, "இதேதான், இதேதான்" என்றார். அவர் சேரும்போது ரெண்டு சைடு. கல்யாணத்துக்கு அப்புறம் மூணு. பிறகு நாலு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சுழற்று. அறுந்த இழையை ஓடுகிற ஃப்ரேமில் சேர்க்கும் சுழற்று. 74 வயது, வேலையை விட்டு எத்தனையோ வருஷம், நகத்தில் ஆக்ஸிஜன் கிளிப் மாட்டியிருக்கிறது, ஆனாலும் விரல் அப்படியே செய்கிறது. நான் வீட்டில் இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வீட்டுக்குள் வரும்போது அந்த விரலை வாசலிலேயே விட்டுவிட்டு வருவார் போல.

91. கட்டை 750.

பிப்ரவரி 9, வெள்ளி
ஒரு படம் காட்டினேன். 1908 டிசம்பர், இதே மாநிலத்தில் விட்னெல் என்கிற ஊரில் லூயிஸ் ஹைன் எடுத்தது. குழந்தைத் தொழிலாளர்களை எடுப்பதற்கென்றே மில் மில்லாகப் போனவர். நாலே கால் அடி உயரப் பெண், நூற்பு மெஷின் பக்கத்தில் நிற்கிறாள். மில்லில் ஒரு வருஷமாக வேலை, சில நாள் ராத்திரியிலும். நாளைக்கு 48 சென்ட். வயது என்ன என்று கேட்டதற்கு முதலில் ஞாபகம் இல்லை என்றிருக்கிறாள். பிறகு ரகசியமாக, வேலை செய்யும் வயது வரவில்லை, ஆனாலும் செய்கிறேன் என்றிருக்கிறாள்.

அப்பா ஃபோனைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, பெரிதாக்கச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"கை எட்டுமா அதுக்கு?"

பிறகு படத்தை மூடச் சொன்னார். பாப்பா ஸ்கூலிலிருந்து வந்துவிட்டதா என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

பிப்ரவரி 10, சனி
நல்ல நாள். இட்லி ஒன்றரை. கிரீடமே வைத்ததுபோல் 93.

எல்லாரும் வெள்ளைக்காரர்களா, கறுப்பு ஜனங்கள் இல்லையா என்றார். இந்த ஊர்ப் புகையிலை ஃபாக்டரியில் இருந்தார்கள், இலையின் நடுநரம்பை உரிக்கிற வேலை கறுப்புப் பெண்களுக்கு, சிகரெட் மெஷின் வெள்ளைப் பெண்களுக்கு என்று படித்ததைச் சொன்னேன். நூல் மில்லில் 1960கள் வரை அவர்களைப் பெரும்பாலும் மெஷினில் விடவில்லை. மூட்டை பிரிப்பது, முற்றம் கூட்டுவது, பாரம் தூக்குவது. தூசி அதிகம் மூட்டை பிரிக்கிற இடத்தில்தானே.

"எல்லாப் பக்கமும் மூட்டை பிரிக்கறதுக்குன்னு ஒரு ஜாதிய வெச்சிருக்காங்க," என்றார். எங்கள் ஊர் மில்லில் பஞ்சு மூட்டையைப் பிரிக்கிற ப்ளோ ரூமுக்கு எந்தத் தெரு ஆட்கள் வருவார்கள் என்று சொன்னார். அவர்களில் யாரும் அறுபதைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். இரண்டு பேர் பேரைச் சொல்லி, மூச்சு வாங்கி நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி 11, ஞாயிறு
1934 செப்டம்பர் ஸ்ட்ரைக் பற்றிப் படித்தேன். மெய்ன் முதல் அலபாமா வரை ஏறத்தாழ நாலு லட்சம் பேர். தெற்கில் காரில் ஏறி மில் மில்லாகப் போய் கதவை மூடச் சொன்னார்கள். தென் கரோலினாவில் ஹோனியா பாத் என்ற சின்ன ஊரில், செப்டம்பர் 6 காலையில் மில் வாசலில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மூன்று வாரத்தில் ஸ்ட்ரைக் முடிந்தது. திரும்பிப் போனவர்களில் நிறையப் பேருக்கு வேலை இல்லை, வீடும் இல்லை. வீடு மில்லுடையதுதானே.

அந்த ஊரில் பேரன் பேத்திகளுக்குக்கூட அதைச் சொல்லவில்லையாம். நினைவுக்கல் வைத்தது 1995இல்.

அப்பா இடைமறிக்கவே இல்லை. முடித்ததும் கேட்டார்:

"உள்ள போனவங்க சொன்னது ஏதாச்சும் இருக்குதா?"

"எங்க உள்ள?"

"ஸ்ட்ரைக்கப்ப. மில்லுக்குள்ள."

பிப்ரவரி 12, திங்கள்
89. மறுபடி. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்
அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அப்பா எப்போதாவது ஸ்ட்ரைக்கில் இருந்தாரா என்று கேட்டதும், "அதெல்லாம் இப்ப எதுக்கு, சாப்பிட்டாரா?" என்றாள்.

பிப்ரவரி 15, வியாழன்
அவரே சொன்னார். ராத்திரி பதினொன்றுக்கு, விளக்கை அணைத்த பிறகு.

என் அண்ணன் அம்மா வயிற்றில் இருந்த வருஷம். நாற்பது நாளுக்கு மேல் ஸ்ட்ரைக். வீட்டில் ராகிக் கூழ்கூட இல்லை. ஒரு நாள் விடியற்காலம் பின்பக்கக் கேட் வழியாக மேஸ்திரி எட்டுப் பேரை உள்ளே கூட்டிப்போனார். அப்பா அதில் ஒருவர். பதினாறு நாள் உள்ளேயே சாப்பாடு, உள்ளேயே படுக்கை. வெளியே கோஷம் கேட்கும். கோஷம் போடுகிறவர் குரல் அவருக்குத் தெரியும். அப்பாவுக்கு ரிங் ஃப்ரேம் என்கிற நூற்பு மெஷினில் வேலை சொல்லிக்கொடுத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவாராம்.

"எங்கண்ணன் என்னைய ஒண்ணும் சொல்லலை. அப்புறமும் டீக்கடையில பார்த்தா, டீ சாப்பிடறயாடா தம்பின்னுதான் கேப்பாரு. அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கலை."

நான் இவ்வளவு நாளாக எதையோ எதிர்பார்த்திருக்கிறேன். ஒரு கொடி, ஒரு ஜெயில், பாப்பாவிடம் சொல்கிற மாதிரி ஏதாவது ஒன்று. இருட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அவருக்கு வந்தது, அதனால் இருமல் வந்தது, கருவி கத்தியது, விளக்கைப் போட்டார்கள்.

பிப்ரவரி 17, சனி
வீடு. ஆக்ஸிஜன் மெஷின் ஹாலில் உறுமுகிறது. ரிங் ஃப்ரேம் சத்தத்துக்கு இது தாலாட்டு என்கிறார். பாப்பா குழாயைத் தாண்டிக் குதித்து விளையாடுகிறாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு
உள்ளே போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சங்கமே வேண்டாம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். முதலாளி நல்லவர் என்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டு எழுத வந்தவர் அரசாங்க ஆள் என்று பயந்து, பட்டும்படாமல் பேசியவர்களும் இருக்கத்தான் வேண்டும். 1938 அக்டோபர் 24 முதல் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வந்த சமயம் அது. வேலை நிலைக்குமா என்று எல்லாருக்கும் பயம். ஆனால் போனேன், போயிருக்கக் கூடாது, அந்த ஆள் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று சொல்கிற ஒரு தாள் இதுவரை என் கண்ணில் படவில்லை. சொல்லியிருந்தாலும் எழுதியவர் விட்டிருப்பாரோ. அல்லது யாரும் அதைக் கேட்கவே இல்லையோ. அப்பாவைக் கேட்காத மாதிரி.

இன்னும் ஜார்ஜியா, அலபாமா, தென் கரோலினா பாக்கி.

பிப்ரவரி 19, திங்கள்
"கெடச்சுதா?"

"இல்லீங்கப்பா."

"இருக்கும். பாரு."

பிப்ரவரி 21, புதன்
நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். கோடு போட்டது வேண்டுமாம். அவர் சொல்வாராம், நான் எழுத வேண்டுமாம். பேரை மாற்றிவிடலாம் அல்லவா என்று கேட்டார். மாற்றலாம் என்றேன். அவர் பேரை மாற்றச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, மேஸ்திரி பேரையாம். தன் பேரை அப்படியே போடச் சொன்னார்.

92. கட்டை 1000.

முதல் வரி: ரெண்டு சைடு.

பிப்ரவரி 22, வியாழன்
தென் கரோலினா, தாள் 4. இங்கே நிறுத்தியிருக்கிறேன். மருந்துக்கடை எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.