சந்தேகம் சேர்த்துவைத்த காகிதங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் மனைவியர் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்த கோப்புகளைப் படித்து, குடும்ப வரலாறு தேடுவோருக்குக் குறிப்பெழுதித் தருவது சில காலம் என் தொழிலாக இருந்தது. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில்தான். நூறாண்டுக்கு மேல் மூன்றாக மடித்துக் கிடந்த தாள்கள் விரித்தாலும் பழையபடி சுருளப் பார்க்கும் என்பதால், ஒரு கையால் ஓரத்தை மெல்ல அழுத்தியபடியே மறு கையால் எழுதப் பழகிக்கொண்டேன்.

1862ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வூதியம் பெற, இறந்தவருக்குத் தான் மனைவி என்பதை ஒரு பெண் மெய்ப்பிக்க வேண்டும். திருமணச் சான்று வைத்திருந்தவர்களின் கோப்புகள் பெரும்பாலும் மெலிந்தவை. சான்று இல்லாதவர்களோ குடும்ப பைபிளில் பிள்ளைகளின் பிறந்தநாள் எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். போர்முனையிலிருந்து கணவர் எழுதிய கடிதங்களையும் அனுப்பினார்கள். அவற்றில் பல இன்னும் அரசிடமே இருக்கின்றன.

அடிமைகளாக இருந்தவர்களின் நிலை வேறு. அவர்களுடைய திருமணத்தைச் சட்டம் ஏற்கவே இல்லை. 1850, 1860ஆம் ஆண்டு அடிமைக் கணக்கெடுப்புகளில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை உண்டே தவிர, சிலரைத் தவிர எவருக்கும் பெயர் கிடையாது. ஆகவே எந்தப் பண்ணையில் மணம் நடந்தது, யார் நடத்திவைத்தார், எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது என்றெல்லாம் அண்டை வீட்டாரும் உடன் போரிட்டவர்களும் பிரமாணப் பத்திரம் எழுதித்தர வேண்டியிருந்தது. நம்ப மறுத்த அதிகாரிகளின் பிடிவாதத்தால்தான் இந்த வாழ்க்கைகள் எழுத்தில் ஏறின என்பதை நன்றியோடு நினைப்பதா, கசப்போடு நினைப்பதா என்பது எனக்கு இன்றளவும் பிடிபடவில்லை.

அடிமைத்தளையிலிருந்து தானும் தப்பி, பலரையும் தப்புவித்த ஹாரியட் டப்மன் போன்ற புகழ்பெற்றவரும் இதற்கு விலக்கல்லர். அவருடைய கணவர் நெல்சன் டேவிஸ், நெல்சன் சார்லஸ் என்ற பெயரில் படையில் சேர்ந்திருந்ததால், இரு பெயரும் ஒருவருடையவையே என்று சாட்சிகள் சொல்ல வேண்டியதாயிற்று. 1888இல் கணவர் இறந்தார். மாதம் 8 டாலர் கிடைத்தது 1895இல்தான். போரின்போது தாமே மருத்துவமனைகளில் செவிலியராகவும் சமையற்காரராகவும் இருந்ததோடு, எட்டு ஒன்பது வேவுக்காரர்களுக்குத் தலைமை தாங்கியதாகவும் கூறி டப்மன் அரசிடம் 1,800 டாலர் கோரிய பிரமாணப் பத்திரமும் காப்பகத்தில் உள்ளது. எழுத்தறியாத அவர் கையொப்பமாக இட்டது ஒரு பெருக்கல் குறி. 1899இல் தனிச்சட்டம் இயற்றித் தொகையை 20 டாலராக உயர்த்தியபோதும், நெல்சன் டேவிஸின் கைம்பெண் என்ற முறையிலேயே சட்டம் அவரைக் குறிப்பிட்டது.

ஓய்வூதியம் அனுமதிக்கப்பட்ட கோப்புகள் மட்டும் போதும் என்று கேட்பவர்கள் உண்டு. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களையும் சேர்த்துக் கேளுங்கள் என்றே அவர்களிடம் சொல்வேன். அவையும் காப்பகத்தில் இருக்கின்றன, ஒரு பெண் தன் கதையை மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்ததும் பெரும்பாலும் அவற்றில்தான்.