பாஸ்ட் புட் கடையில் பார்ட் டைம்: ஆறரை மணிக்கு முன்னால் நடக்கிற வேலை

காலேஜ் விட்டதும் நேராகக் கடைக்குப் போய் ராத்திரி பதினொரு மணி வரை நிற்கிற பையன்களைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டு ஓரத்திலோ ஹாஸ்டல் தெருமுனையிலோ ஒரு தள்ளுவண்டி, ஒரு ஹை பிரஷர் அடுப்பு, ஒரு பெரிய கடாய், ஏழெட்டு ஸ்டூல். சாப்பிட வருகிறவர்களின் கண் மாஸ்டர் மேல்தான் இருக்கும். தீ எழும்புகிறது, கடாய் குலுங்குகிறது, மூன்று நிமிடத்தில் பிளேட் வந்துவிடுகிறது. அந்த மூன்று நிமிடத்துக்குத் தேவையான எல்லாம் நாலரை மணிக்கும் ஆறரை மணிக்கும் நடுவில் ஹெல்பர் கையால் தயாராகின்றன. பார்ட் டைமில் சேருகிறவருக்கு முதலில் கிடைப்பது இந்த ஹெல்பர் வேலைதான். சேரும் நாளில் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. திட்டு வாங்கித்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதல் வேலை பிரைட் ரைசுக்கான சோறு. ஒரு கிலோ பாஸ்மதி வடித்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோ சோறு வரும். ஒரு பிளேட்டுக்கு 300 கிராம் என்றால் கிலோவுக்கு எட்டு பிளேட். நாற்பது பிளேட் ஓடுகிற கடைக்கு ஐந்து கிலோ அரிசி. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் மாஸ்டர் "இன்னிக்கு அறுபது போவும்" என்றதும் எவ்வளவு ஊறவைப்பது என்று கேட்க வேண்டியதில்லை. அரிசியை இரண்டு மூன்று தண்ணீர் அலசி அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். அரிசியைப் போல் ஐந்து மடங்காவது வேண்டும். தளதளவென்று கொதித்த பிறகு உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்து அரிசியைப் போட்டால் ஐந்திலிருந்து ஏழு நிமிடத்தில் பதம் வந்துவிடும். ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் உடனே வடித்துவிட வேண்டும். முழுக்க வெந்த சோறு சாப்பாட்டுக்கு நல்லது, கடாய்க்கு ஆகாது. மறுபடி ஒரு முறை தீயைப் பார்க்கப்போகிற சோறு இது.

வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி பேன் காற்றில் ஆறவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். அவசரத்தில் குவியலாகவே விட்டுவிடுகிறார்கள். குவியலின் உள்சூட்டில் சோறு தொடர்ந்து வேகும், ஆவி தண்ணீராகித் திரும்ப இறங்கும், அடிச்சோறு குழைந்துவிடும். அப்படிப்பட்ட சோறு கடாயில் கட்டி கட்டியாக விழும். மாஸ்டர் அதைக் கரண்டியால் உடைக்க உடைக்கப் பருக்கை நொறுங்கி உப்புமா பதத்துக்கு வந்துவிடும். பரப்பும்போது சோற்றின் உயரம் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது.

மிஞ்சின சோற்றைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிநீரில் அவை சாவதில்லை. வெந்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி எவ்வளவு வறுத்தாலும் போகாது. "நேத்துச் சோறுதான் ரைசுக்கு உதிரி உதிரியா வரும்" என்பார்கள். உண்மைதான், வடித்து ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஐந்து டிகிரிக்குக் கீழே பிரிட்ஜில் வைத்த சோறாக இருந்தால். தள்ளுவண்டியில் பிரிட்ஜ் ஏது? அன்றைக்கு வேண்டியதை மட்டும் இரண்டு தவணையாக வடிப்பதுதான் சரி: ஐந்து மணிக்கு ஒரு தடவை, எட்டு மணிக்குக் கூட்டத்தைப் பார்த்து இன்னொரு தடவை.

நூடுல்ஸ் சீக்கிரம் முடியும். கொதிநீரில் மூன்று நான்கு நிமிடம், வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசல், ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறிப் பரப்பினால் போதும். பச்சைத் தண்ணீரில் அலசாமல் விட்டால் ஒட்டிப் பாளமாகிவிடும்.

காய்கறியில் முட்டைகோஸ்தான் பெரும்பங்கு. நடுத்தண்டை எடுத்துவிட்டு நூல் நூலாகச் சீவ வேண்டும். கேரட் தீக்குச்சி கனம், பீன்ஸ் பொடிசாக, குடமிளகாய் நீளமாக, வெங்காயத்தாள் கடைசியில் தனியாக. எல்லாம் ஒரே கனத்தில் இருப்பது அழகுக்காக மட்டுமில்லை. காய் கடாயில் இருப்பது முப்பது நாற்பது விநாடிதான், தடிமனான துண்டு பச்சையாகவே தட்டுக்குப் போய்விடும். வெட்டிய கோஸில் முன்கூட்டி உப்புப் போடக் கூடாது, தண்ணீர் விட்டுக்கொள்ளும். கழுவிய காயை வடிதட்டில் நன்றாக வடியவிட வேண்டும். ஈரக் காய் விழுந்ததும் கடாயின் சூடு இறங்குகிறது, எண்ணெயில் வறுபட வேண்டியது ஆவியில் வேகிறது, ரைஸ் சொதசொதவென்று ஆகிறது. வாடிக்கையாளர் மாஸ்டரைக் குறை சொல்வார். குறை வடிதட்டில் இருக்கும்.

சில்லி கோபிக்குக் காலிபிளவரை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துப் புழு போக எடுப்பார்கள். எடுத்தபின் துணியில் பரப்பி ஈரம் முழுக்கப் போகவிட்ட பிறகே மாவில் போட வேண்டும். ஈரத்தின் மேல் மாவு நிற்காது. எண்ணெயில் மாவு தனியாகவும் பூ தனியாகவும் மிதக்கும்.

இனி சிக்கன். எலும்பில்லாத கறி ஒரு கிலோவுக்கு இஞ்சி பூண்டு விழுது மூன்று மேஜைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு, சாதா மிளகாய்த்தூள் ஒன்று, உப்பு ஒன்று, ஒரு எலுமிச்சம்பழம் என்று பிசைந்து ஐஸ் பெட்டியில் ஒரு மணி நேரமாவது வைக்கலாம். சோள மாவு 100 கிராம், மைதா 50 கிராம், ஒரு முட்டை ஆகியவற்றைப் பொரிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சேர்க்க வேண்டும். நாலு மணிக்கே மாவைக் கலந்து வைத்தால் கறி விட்ட தண்ணீரில் மாவு இளகி வழிந்துவிடும். அதைக் கெட்டியாக்க மேலும் மாவு சேர்க்கச் சேர்க்கக் கறியைவிடத் தோல்தான் மிஞ்சும்.

சிவப்பு வேண்டும் என்று கலர் பொடியைத் தூவுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. பொரித்த சிக்கனிலும் கோபியிலும் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. 2024-இல் கர்நாடகம் கோபி மஞ்சூரியனிலும் கபாப்பிலும் செயற்கை நிறத்துக்குத் தனியாகவே தடை போட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் ரோடமின் பி என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த பஞ்சுமிட்டாய் தடை செய்யப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். காஷ்மீரி மிளகாய் தரும் நிறமே போதும். ஹெல்பராகச் சேர்ந்த முதல் வாரத்தில் முதலாளியிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பொடியைக் கையால் அள்ளிப் போடச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சொட்டு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியிலேயே தங்கினால் சூடு போதாது, விழுந்த கணமே கருகினால் அதிகம், கீழே போய் உடனே மேலே வந்தால் சரி. ஒரே தடவையில் கொட்டக் கூடாது. இரண்டு லிட்டர் எண்ணெய்க்கு அரைக் கிலோவுக்கு மேல் போட்டால் சூடு சரிந்து, துண்டுகள் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். பல கடைகளில் ‘ஆப் பிரை’ செய்து குவித்து வைத்து, ஆர்டர் வந்ததும் மறுபடி பொரிக்கிறார்கள். இந்த வேலையில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். அரைவேக்காட்டுக் கறி வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரம் கிடப்பதைவிடக் கிருமிக்கு வசதியான இடம் இல்லை. முதல் பொரிப்பிலேயே உள்ளே 75 டிகிரி வரும்வரை வேகவைத்துவிட வேண்டும். இரண்டாவது பொரிப்பு மொறுமொறுப்புக்கு மட்டும். பெரிய துண்டாகப் பார்த்து ஒன்றைப் பிய்த்தால் தெரிந்துவிடும். நடுவில் இளஞ்சிவப்போ ஒளி ஊடுருவுகிற மாதிரியான பகுதியோ இருந்தால் திரும்ப எண்ணெய்க்கே போகட்டும். பச்சைக் கறிக்கும் காய்க்கும் ஒரே பலகை, ஒரே கத்தி என்பது நடக்கவே கூடாது.

எண்ணெய் எப்போது கெட்டது என்று சொல்ல மாஸ்டருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நுரை அடங்காமல் பொங்குவது, வழக்கமான சூட்டிலேயே புகைவது, கரண்டியில் பிசுபிசுவென்று ஒட்டுவது, காபி நிறம் ஆகியவை அடையாளங்கள். திரும்பத் திரும்பச் சூடாவதால் எண்ணெயில் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாடு முழுக்க உண்டு. பழைய எண்ணெயில் புதுசை ஊற்றி நிரவுவதால் பழையது சரியாவதில்லை, புதுசும் சீக்கிரம் கெடுகிறது.

மாஸ்டருக்கு வலப்பக்கம் இருக்கும் டப்பாக்களின் வரிசை சின்ன விஷயமாகத் தெரியும். அவர் பார்த்து எடுப்பதில்லை. உப்பு, மிளகுத்தூள், அஜினோமோட்டோ, சோயா சாஸ், சில்லி சாஸ், வினிகர் என்று கை பழகின இடத்துக்குக் கரண்டி முனை தானாகப் போகும். துடைக்கிறேன் பேர்வழி என்று இரண்டு டப்பாவை இடம் மாற்றிவிட்டால் அடுத்த நாலு பிளேட் குப்பைக்குத்தான். உப்பும் அஜினோமோட்டோவும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் வேறு வேறு அளவு டப்பா, வேறு நிற மூடி. முட்டையைக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து வைப்பதும் ஹெல்பர் வேலைதான். நேராகக் கடாயில் உடைத்து அதில் ஒன்று கெட்டதாக இருந்தால் மொத்தமும் போச்சு.

ஏழரைக்கு மேல் கூட்டம் வரும்போது வேலை வாய்க்கு மாறுகிறது. ஆர்டர்களை வந்த வரிசையில் மாஸ்டரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. சேர்த்துச் சொல்ல வேண்டும். "சிக்கன் ரைஸ் மூணு, ஒண்ணு பார்சல், ஒண்ணு காரம் கம்மி. எக் நூடுல்ஸ் ரெண்டு." இப்படிக் கேட்டால் மாஸ்டர் மூன்றையும் ஒரே கடாயில் போட்டு, காரம் கம்மியை முதலில் பிரித்து எடுத்துவிட்டு மிச்சத்தில் காரம் கூட்டுவார். நாலு பிளேட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள், கடாய் சூடு தாங்காது. மாஸ்டர் நேபாளத்துக்காரரோ வடகிழக்குக்காரரோ என்றால் ஆர்டர் அரைத் தமிழும் அரை இந்தியுமாகப் போகும். எண்களையும் "கம்மி", "ஜாஸ்தி"யையும் முதல் நாளே ஒத்துக்கொள்வது நல்லது. சைவம் கேட்டவருக்குக் கடாயையும் கரண்டியையும் கழுவிவிட்டுத்தான் செய்ய வேண்டும். அவர் பார்க்காவிட்டாலும்.

பார்சலுக்கு நியூஸ்பேப்பர் கூடாது, மை சூட்டில் இறங்கும். சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. வாழை இலை வைத்துக் கட்டலாம், சில்வர் டப்பாவும் ஆகும். மயோனைஸ் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. காரணம் சால்மோனெல்லா போன்ற கிருமிகள்.

உடம்பைப் பற்றி. பாலியஸ்டர் ஜெர்சி போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் நிற்காதீர்கள். தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். காட்டன் சட்டை, விரல் மூடிய செருப்பு அல்லது ஷூ. சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸை அடைத்துவிட்டுத் தட்டால் மூட வேண்டும். அந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. வண்டிக் கடையானாலும் காய் வெட்டும் நேரத்துக்கு ஒரு ஸ்டூல் கேட்பதில் தப்பே இல்லை.

சம்பளத்தைச் சேரும் முன்பே பேசிவிடுங்கள். நாள் கணக்கா வாரக் கணக்கா, ராத்திரிச் சாப்பாடு சேர்த்தியா, பரீட்சை சமயத்தில் லீவு உண்டா, மழையில் கடை போடாத நாளுக்கு என்ன. எல்லாவற்றையும்விட முக்கியம், கடை அடைத்தபின் கழுவுகிற முக்கால் மணி நேரம் கணக்கில் வருமா என்பது. "பத்தரைக்கு விட்டுருவோம்" என்பதற்கு வாடிக்கையாளருக்குப் பத்தரை என்று அர்த்தம். உங்களுக்கு அது பதினொன்றேகால்.

அடைக்கும்போது முதலில் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். டியூபில் இருக்கிற கேஸ் எரிந்து தீ தானாக அணைந்த பிறகு அடுப்புக் குமிழ். கமர்ஷியல் சிலிண்டர் 19 கிலோ. டியூப் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்கலாம். கடாயைச் சூடு இருக்கும்போதே வெந்நீர் விட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, துணியால் மெல்லிசாக எண்ணெய் தடவிக் கவிழ்க்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் காலையில் துருப்பிடித்திருக்கும். பொரித்த எண்ணெய் ஒரு மணி நேரமாவது ஆறின பிறகுதான் வடிகட்டலாம். சூட்டோடு தூக்கி வாளியில் ஊற்றப்போய்த்தான் பெரிய காயங்கள் ஏற்படுகின்றன. அதனால் எண்ணெய்ச் சட்டியை எட்டரை ஒன்பது மணி வாக்கில், சிக்கன் ஆர்டர் குறைந்ததுமே இறக்கிவைத்துவிடச் சொல்லி மாஸ்டரிடம் கேளுங்கள். மற்றதெல்லாம் கழுவி முடிப்பதற்குள் அது ஆறிவிடும்.