சுசீந்திரத்தை எந்த எழுத்தில் தேடுவது?

கல்லூரி நூலகத்தின் ஓப்பேக்கை (கணினி நூற்பட்டியல்) திறந்து 'கன்னியாகுமரி கோயில் சிற்பம்' என்று அடித்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. புத்தகம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை, வேறு பேரில் உட்கார்ந்திருக்கிறது. கூகுள் மாதிரி நம் மனசை ஊகிக்கிற வேலையெல்லாம் கேட்டலாக்குக்குத் தெரியாது. பதிவு செய்தவர் எந்த எழுத்தைத் தட்டினாரோ, அந்த எழுத்து மட்டும்தான் அதற்குத் தெரியும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தேடுகிறவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. ஸ்பெல்லிங் ஒரு பக்கம், 1956 இன்னொரு பக்கம்.

1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன, அன்றுதான் தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தன. அதற்கு முன் வந்த நூல்களின் தலைப்பிலும் பொருள் தலைப்பிலும் (நூல் எதைப் பற்றியது என்று பதிவில் போடும் சொல்) 'டிராவன்கூர்' என்றுதான் இருக்கும். நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டூயி எண்ணில் தமிழ்நாட்டு வரலாறு 954.82, கேரள வரலாறு 954.83. நாஞ்சில் நாட்டைப் பற்றிய பழைய நூல் இரண்டாவது எண்ணில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அலமாரி முன்னால் நிற்கிறீர்கள் என்றால் 954.82-ஐ மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், அடுத்த தட்டையும் பாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனை இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆகவே அதன் சுவரோவியங்களைத் தேட 'தமிழ்நாடு, ஓவியம்' என்று போவது வீண். 'கேரளா, மியூரல் பெயின்டிங்' என்று ஆங்கிலத்தில் போடுங்கள். திருநந்திக்கரைக் குடைவரை ஓவியத்துக்கும் இதே வழி. சமணச் சிற்பங்கள் உள்ள மலையைச் சிதறால் என்று தேடிக் கிடைக்காதவர்கள், கல்வெட்டு ஆய்வாளர்கள் எழுதும் பழைய பெயரான திருச்சாரணத்துமலையைப் போட்டுப் பார்க்கலாம்.

இனி ஸ்பெல்லிங். சுசீந்திரம் கோயிலைப் பற்றி கே. கே. பிள்ளை எழுதிய ஆங்கில நூல் 1953-இல் வந்தது. அதன் தலைப்பில் ஊர்ப்பெயர் எஸ்-யூ-சி-ஐ-என் என்று போகும், சி-க்குப் பின்னால் எச் கிடையாது. ரயில் நிலையப் பலகையில் உள்ளபடி எச் சேர்த்து அடித்தால் அந்தத் தலைப்பு சிக்காது. எச் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை, இரண்டிலும் கடைசியில் நட்சத்திரக் குறி (*) போட்டுத் தேடுங்கள், அதற்குப் பிறகு எந்த எழுத்து வந்தாலும் பிடித்துவிடும். கன்னியாகுமரிக்கும் அப்படித்தான்: இரண்டு என் போட்டு ஐ வருவது, ஒரு என் போட்டு ஒய் வருவது, வெள்ளைக்காரன் காலத்து கேப் கமோரின், மூன்றையும் பார்க்க வேண்டும்.

தமிழ் நூல்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் நம்மூர்ச் சில நூலகங்களும் ரோமன் எழுத்தில் பதிவு செய்கின்றன. அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் முறை ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தை மட்டும் பார்க்கும். 'க' எங்கே வந்தாலும் கே (k), 'ச' எப்போதும் சி (c), 'த' வெறும் டி (t), 'ப' எப்போதும் பி (p), 'ழ' அடியில் கோடு போட்ட எல் (l). அதனால் நாகர்கோவிலின் 'க'வுக்கு ஜி வராது. நாஞ்சில் என்பதில் ஜே வராது, சி வரும். கூத்தில் எச் இல்லை, டி இரண்டு. மேலே கீழே உள்ள கோடும் புள்ளியும் தேடலுக்கு அவசியமில்லை, பெரும்பாலான கேட்டலாக்குகள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. 'தமிழ்' என்பதை இசட்-எச் போட்டு அடிக்கும் பழக்கத்தை மட்டும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962 முதல் டில்லியில் அலுவலகம் வைத்து இந்திய மொழி நூல்களை வாங்கிக் கப்பல் ஏற்றியது. இங்கே செல்லரித்துப்போன சிறு வெளியீடு சிகாகோவில் பத்திரமாக இருக்கலாம். உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட் தளத்தில் தேடினால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அங்கே போக முடியாதுதான். ஆனால் சரியான தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை கையில் கிடைத்துவிடும். அதை வைத்துக்கொண்டு சென்னை கன்னிமாரா நூலகத்தையோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ கேட்டால், 'அந்த மாதிரி ஒரு புக்' என்று கேட்பவருக்குக் கிடைக்காத பதில் கிடைக்கும்.

தமிழ் எழுத்திலேயே தேடும்போது ஒரு தந்திரம். 'கோயில்' என்று அடித்து நட்சத்திரம் போட்டால் 'கோயிலின்', 'கோயிலும்' வராது, ஏனென்றால் கணினிக்குப் புள்ளியும் ஒரு தனி எழுத்து. புள்ளியை எடுத்துவிட்டு 'கோயில*' என்று போடுங்கள், எல்லாம் வரும். பிறகு அதையே 'கோவில*' என்றும். 'நாட்டுப்புறக் கலைகள்' ஒரு பதிவில் சேர்ந்தும் இன்னொன்றில் பிரிந்தும் இருக்கும். 'நாட்டுப்புற*' இரண்டையும் பிடித்துவிடும். 'ஸ்ரீ' யூனிகோடில் இரண்டு விதமாக உள்ளே போகிறது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்ரீ உள்ள தலைப்பு கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு மற்ற சொல்லைப் போடுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பதிவுகள் குப்பை எழுத்தாகத் தெரியும். அவற்றை ஆசிரியர் பெயரை ஆங்கிலத்தில் போட்டுத்தான் பிடிக்க முடியும்.

நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் ஓடுவது கோஹா. நியூசிலாந்தில் பிறந்த இலவச நூலக மென்பொருள். மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. அம்மன் கொடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் பெயர் நம் ஊருக்குப் பொருத்தம்தான். அதில் ஒரு புத்தகம் கிடைத்ததும் நிறுத்திவிடக் கூடாது. பதிவைத் திறந்து, பொருள் தலைப்பு என்ற இடத்தில் நீல நிறத்தில் இருப்பதைச் சொடுக்குங்கள். அதே தலைப்பில் உள்ள எல்லாம் வரிசையாக வரும். வில்லுப்பாட்டுக்கு இது மிக முக்கியம். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நம் மாவட்டத்து வில்லுப்பாட்டை வைத்து எழுதி 1988-இல் வந்த நூலின் பெயர் 'சிங்கிங் ஆஃப் பர்த் அண்ட் டெத்'. வில் என்ற சொல்லே அதில் இல்லை. தலைப்பை நம்பித் தேடுகிறவர் ஆயுசுக்கும் அதைப் பார்க்க மாட்டார். ஆங்கிலத்தில் 'போ சாங்' (bow song) என்றும் போட்டுப் பாருங்கள்.

கலை நூல் தேடுகிறவர்கள் பதிவில் ஒரு வரியை விடாமல் படிக்க வேண்டும். பக்க எண்ணிக்கை இருக்கும் வரி அது. கோஹாவில் மார்க் வியூவை (பதிவின் ஒவ்வொரு விவரத்தையும் எண் போட்டுக் காட்டும் பக்கம்) திறந்தால் 300 என்ற எண்ணுக்கு நேரே வரும். '240 பி.' (p.) என்று மட்டும் இருந்தால் படம் கிடையாது. 'இல்.' (ill.) என்று இருந்தால் படம் உண்டு. 'கல். இல்.' (col. ill.) என்றால் வண்ணப்படம். 'ப்ளேட்ஸ்' என்ற சொல்லும் எண்ணும் இருந்தால் தனியாக அச்சிட்ட படத் தாளோ பக்கமோ அத்தனை இருக்கின்றன, இதற்காகவே பஸ் ஏறலாம். கடைசியில் சென்டிமீட்டரில் உயரம் போட்டிருக்கும். 30-ஐத் தாண்டினால் அது பெரிய அளவுப் புத்தகம், சாதாரணத் தட்டில் நிற்காது, தனி அலமாரியில் படுக்க வைத்திருப்பார்கள். 'அவைலபிள்' என்று காட்டியும் ரேக்கில் இல்லை என்று புகார் செய்கிறவர்களில் பாதிப்பேர் தேடியது இந்தப் படுத்திருக்கும் புத்தகங்களைத்தான். மீதியில் சில பைண்டிங்குக்குப் போயிருக்கும், சில பக்கத்துத் தட்டில் தப்பாகச் செருகப்பட்டிருக்கும். மேலும் கீழும் ஒரு தட்டு பார்த்துவிட்டு, அக்சஷன் எண்ணோடு கவுன்டரில் கேளுங்கள். கால் நம்பர் (அலமாரியில் நூலின் இடத்தைச் சொல்லும் எண்) ஒரே நூலின் பல பிரதிகளுக்குப் பொது. அக்சஷன் எண் அந்த ஒரு பிரதிக்கு மட்டும் உரியது.

டூயி எண்கள் சில மனப்பாடமாக இருந்தால் நல்லது: 709.54 இந்தியக் கலை, 726.145 இந்துக் கோயில் கட்டடம், 730 சிற்பம், 736.4 மரச் செதுக்கு, 750 ஓவியம், 791.43 சினிமா. சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரி ரங்கநாதனின் கோலன் என்ற வேறு எண் முறையைப் பின்பற்றிய இடங்களில் இவை உதவாது.

வீடியோவுக்குக் கல்லூரிக் கேட்டலாக் பெரிய உதவி செய்யாது. அட்வான்ஸ்டு சர்ச்சில் ஐட்டம் டைப்பை டிவிடி அல்லது சிடி என்று மாற்றிப் பாருங்கள். வருவதில் பாதி, புத்தகத்தோடு இலவசமாக வந்த சிடியாக இருக்கும். 'நாட் ஃபார் லோன்' என்றால் அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம், வீட்டுக்குத் தர மாட்டார்கள். பதிவில் மார்க் 538-ஐப் பாருங்கள், டிஸ்க் எந்த ரீஜன் (எந்த நாடுகளில் ஓடும் என்பதற்கான எண்) என்று அங்கே இருக்கும். இந்தியாவுக்கு உரியது 5. அமெரிக்காவில் வாங்கிய ரீஜன் 1 டிஸ்க் நம் பிளேயரில் அடம் பிடிக்கும். நிகழ்த்துகலைப் பதிவுகளுக்கு டில்லி சங்கீத நாடக அகாதமியின் ஆவணகமும், குருகிராமில் உள்ள அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசை ஆவணகமும் சரியான இடம். அதே நிறுவனத்தின் கோயில், சிற்பப் புகைப்படங்கள் இணையத்தில் இருக்கின்றன. அங்கே தெய்வத்தின் பெயரைவிட ஊர்ப்பெயரில் தேடுவது பலன் தரும்.

ஆய்வேடுகளை மறந்துவிடாதீர்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் வைத்திருக்கும் இன்ஃப்ளிப்நெட்டின் சோத்கங்காவில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து 'கணியான் கூத்து', 'தோல்பாவை' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். ஆய்வேட்டின் தரம் எப்படியும் இருக்கட்டும், கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு வரும் நூற்பட்டியல் கோப்பை முதலில் இறக்குங்கள். ஐந்து வருஷம் ஒருவர் அலைந்து சேர்த்த பட்டியல் அது.

உங்கள் கல்லூரி, நூலகங்களின் கூட்டமைப்பான டெல்நெட்டில் உறுப்பினர் என்றால், வேறு நூலகத்துப் புத்தகத்தை நூலகர் வழியாக இரவல் கேட்கலாம். தனி ஆளாகக் கேட்க முடியாது. இல்லையென்றால் நேரில் போக வேண்டியதுதான். அப்போது சென்னையைவிட திருவனந்தபுரம் நமக்குப் பக்கம், களியக்காவிளையைத் தாண்டினால் வந்துவிடும். பழைய திருவிதாங்கூர் நூல்களுக்கு அதைவிடத் தோதான ஊரும் இல்லை. 1829-இல் தொடங்கிய மாநில மத்திய நூலகமும் கேரளப் பல்கலைக்கழக நூலகமும் இரண்டும் பாளையத்தில்தான், நடந்தே போய்விடலாம். ஓலைச்சுவடி என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கும் காரியவட்டம் போக வேண்டும். துறைத் தலைவர் அல்லது முதல்வரின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை நகல், கால் நம்பரோடு எழுதிய பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். ப்ளேட்டுகளைப் படம் எடுக்க அனுமதி வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதி வாங்கிவிடுங்கள். கவுன்டரில் போய் நின்று வாயால் கேட்டால் மேலதிகாரியைப் பார்க்கச் சொல்வார்கள், அவர் அன்றைக்கு லீவில் இருப்பார்.