ஹைட்ரஜனுக்குரிய இடம் எது?

மின்கட்டமைப்பில் ஹைட்ரஜனைச் சேர்க்கும் திட்டம் எதைப் படித்தாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். மின்னாற்பகுப்பின் மூலம் நீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க ஏறக்குறைய 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அதே ஒரு கிலோவை, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இணைத்து மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தில் செலுத்தினால் திரும்பக் கிடைப்பது 15 முதல் 18 யூனிட் வரைதான். வாயுவை அழுத்தி உருளைகளில் அடைக்கவும் சில யூனிட்டுகள் போய்விடுவதால், போட்டதில் மூன்றில் ஒரு பங்கு திரும்பினாலே பெரிது. லித்தியம் பேட்டரியோ 85 விழுக்காட்டுக்கு மேல் திருப்பித் தந்துவிடுகிறது.

ஆகவே பகலில் கிடைத்த சூரிய மின்சாரத்தை இரவுக்குத் தள்ளிவைக்க ஹைட்ரஜனை நாடுவது வீண்செலவு என்பதே என் கருத்து. வாரக்கணக்கில், பருவக்கணக்கில் சேமிக்க வேண்டியிருக்கும்போது நிலைமை மாறுகிறது. இருப்பை இரட்டிப்பாக்க பேட்டரிகளையே இரட்டிப்பாக்க வேண்டும். ஹைட்ரஜனில் மின்னாற்பகுப்புக் கருவியையும் எரிபொருள் கலத்தையும் தொடாமல் கொள்கலனை மட்டும் பெரிதாக்கலாம். நிலத்தடி உப்புக் குகைகள் கிடைக்கும் இடங்களில் இது இன்னும் எளிது; இங்கிலாந்தின் டீசைடில் 1972 முதலே, வேதித் தொழிலின் தேவைக்காக, ஹைட்ரஜனை அப்படித்தான் சேமித்து வருகிறார்கள்.

ஆனால் உண்மையான சிக்கல் கருவிகளை ஒன்றோடொன்று கோக்கும் இடத்தில்தான் எழுகிறது. நார்வேயின் உட்சிரா தீவில் 2004-இல் தொடங்கிய சோதனையில், காற்றாலை மின்சாரத்தில் பிரித்த ஹைட்ரஜனைக் கொண்டு 10 வீடுகளுக்கு மின்சாரம் வழங்கினார்கள். அங்கே மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் நிலையாக வைத்திருக்கப் பேட்டரியும், சுழற்சியில் ஆற்றலைத் தேக்கிவைக்கும் சுழல்சக்கரமும் கூடவே தேவைப்பட்டன. காற்று ஏறி இறங்கும்போது மின்னாற்பகுப்புக் கருவியும் அதன்படியே ஏறி இறங்க வேண்டும். காரக் கரைசலில் இயங்கும் வகைக்கோ அது எளிதில் ஒத்துவருவதில்லை. சுமை குறையும்போது ஆக்சிஜன் உற்பத்தி குறைகிறது. இரு வாயுக்களையும் பிரித்துவைக்கும் தடுப்பைக் கடந்து ஆக்சிஜன் பக்கம் கசியும் ஹைட்ரஜனோ அதே அளவுக்குக் குறைவதில்லை. ஆக்சிஜனில் அதன் பங்கு 4 விழுக்காட்டை எட்டினால் அது தீப்பற்றக்கூடிய கலவையாகிவிடும். அதனால் அந்த அளவுக்கு வெகு முன்பே, பொதுவாக 2 விழுக்காட்டிலேயே, கருவியை நிறுத்திவிடுகிறார்கள். மின்சாரம் குறைவாக வரும் நேரத்தை முழுமையாகப் பயன்படுத்த முடியாமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணம். (திட்ட வரைபடங்களில் இந்தப் பகுதி ஒரு சிறு அம்புக்குறியோடு முடிந்துவிடும்.)

வெப்பத்தையும் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை. எரிபொருள் கலத்துக்குள் செல்லும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. சவ்வு வகைக் கலங்களில் அது 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடான நீராகக் கிடைப்பதால் நீராவிக்கு உதவாது. குளியலுக்கும் அறையைச் சூடேற்றவும் தாராளமாகப் போதும். அந்த நீரையும் பயன்படுத்திக்கொண்டால் கலத்தின் மொத்தப் பயன் 80 விழுக்காட்டைத் தாண்டும். ஆகையால் எரிபொருள் கலத்தை எந்தக் கட்டடத்தில் வைக்கலாம் என்று யாராவது கேட்டால், ஆண்டு முழுவதும் வெந்நீர் செலவாகும் கட்டடம் எது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.