ஜெலுத்தோங் கட்டைகளும் டாசிட்டஸின் குச்சிகளும்

பழங்கால ஜெர்மானியக் குடிகளைப் பற்றி நான் படித்ததை எனக்கு விளங்க வைத்தவர்கள், பினாங்கின் ஜெலுத்தோங்கில் நம் பள்ளியின் பின்சந்தில் குடியிருந்த ஹொக்கியன் (சீனாவின் புஜியான் பகுதியிலிருந்து வந்த சீனர்) குடும்பங்கள். படிப்பை முடித்துப் பினாங்கிலிருந்து புறப்பட்டு, ஜெர்மனியின் பவேரியாவில் வேலை, பிள்ளைகள் என்று வேரூன்றிவிட்டேன். இந்த ஊரின் பழைய நம்பிக்கைகளை அறிய முற்படும்போதெல்லாம் ஜெலுத்தோங்தான் நினைவுக்கு வருகிறது. நம் பள்ளி மலருக்கு எதை எழுதலாம் என்று யோசித்தபோது இதைவிடப் பொருத்தமான நினைவு வேறு தோன்றவில்லை.

பின்சந்துக் கோயிலில் 'புவே' போடுவதை நம் வகுப்பில் பார்க்காதவர்கள் குறைவு. பிறை வடிவில் இரண்டு சிவப்புக் கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. கும்பிடுபவர் பெயரையும் முகவரியையும் சாமியிடம் சொல்லி, கேள்வியைக் கேட்டு, கட்டைகளை ஊதுபத்திப் புகையில் காட்டித் தரையில் போடுவார். ஒன்று தட்டையாகவும் மற்றது குவிவாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குவிவாக விழுந்தால் மறுப்பு. இரண்டும் தட்டையாக விழுந்தால் சாமி சிரிக்கிறது. கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். பெரிய காரியம் என்றால் தொடர்ந்து மூன்று முறை சம்மதம் விழ வேண்டும். அடுத்த ஆண்டின் தூபக்கலசப் பொறுப்பாளரையும் இப்படித்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு பெயராகப் படிக்க, யாருக்குத் தொடர்ச்சியாக அதிகச் சம்மதம் விழுகிறதோ அவர் வீட்டுக்குக் கலசம் போகும். என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பாவுக்கு அந்தப் பேறு கிடைத்த அன்று, அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கவில்லை.

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் எழுதிய 'ஜெர்மானியா'வின் பத்தாம் அதிகாரத்தைப் படித்தபோது இந்தக் காட்சிதான் கண்முன் வந்தது. ஜெர்மானியர்கள் காய்க்கும் மரத்தின் கிளையைச் சிறு குச்சிகளாக வெட்டி, அடையாளமிட்டு, வெள்ளைத் துணியில் சிதறவிடுவார்களாம். ஊர்க் காரியத்துக்குப் பூசாரியும், வீட்டுக் காரியத்துக்குக் குடும்பத் தலைவரும், வானத்தை நோக்கி வேண்டி, ஒவ்வொன்றாக மூன்று குச்சிகளை எடுப்பார்கள். மறுப்பு வந்தால் அன்றைக்கு அதைப் பற்றி மறுபடி கேட்கக் கூடாது. சம்மதம் வந்தால் வேறு சகுனத்தாலும் அதை உறுதி செய்ய வேண்டும். ஜெர்மானியக் கடவுள் ஒருமுறை மறுத்தால் அன்றைய பேச்சு முடிந்தது. ஹொக்கியன் சாமியோ பேச இடம் கொடுக்கிறது. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடிக்கும். குச்சியோ கட்டையோ, தெய்வத்தின் சொல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை உறுதியாக வேண்டும் என்ற கவனம் இரு பக்கமும் இருக்கிறது. பூக்கட்டிப் பார்க்கும் நமக்கு இது அந்நியமானதல்ல.

அடுத்தது துணி காயப்போடும் சங்கதி. இங்கே கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரையிலான பன்னிரண்டு இரவுகளில் வீட்டுக்குத் தூபம் போடுவார்கள். கொடியில் துணி காயப்போட மாட்டார்கள். அந்த இரவுகளில் இறந்தோரின் படை வானில் பாய்ந்து போகும், கொடியில் சிக்கிக்கொண்டால் அந்த வீட்டுக்குக் கேடு என்று கீழ்வீட்டுப் பாட்டி எனக்கு விளக்கினார். நான் சிலிர்த்துப்போனேன். ஏழாம் சீன மாதத்தில் இருட்டிய பிறகு துணியை வெளியே விடாதே, ஆவிகள் போட்டுக்கொள்ளும் என்று தோழனின் பாட்டி எங்களை விரட்டியது அப்படியே காதில் ஒலித்தது. ஜெர்மானியப் பன்னிரண்டு இரவுகளின் வழக்கங்களுக்கு எழுத்துச் சான்று இடைக்காலத்திலிருந்தும் அதற்குப் பின்னும்தான் கிடைக்கிறது. ஆகவே எல்லாமே பழைய சமயத்தின் எச்சம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டின் ஒரு பகுதியில் இறந்தவர்களுக்குக் கதவு திறக்கிறது, அப்போது அவர்களை மரியாதையோடு நடத்த வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் தெளிவாக இருக்கிறது. நம் பள்ளி அருகே ஏழாம் மாத நாடகமேடைக்கு முன் முதல் வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்காகக் காலியாகவே இருக்கும். ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் பெர்க்தா என்ற குளிர்காலப் பெண் தெய்வத்துக்கு இரவில் உணவு எடுத்துவைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விருந்தினருக்கு இருக்கையும் சோறும்!

டாசிட்டஸ் நெர்த்தஸ் என்ற பூமித்தாயைப் பற்றியும் எழுதுகிறார். துணி போர்த்திய வண்டியில் பசுக்கள் இழுக்க அவள் ஊர் ஊராக வருவாள். அந்நாட்களில் போர் கிடையாது. இரும்பு ஆயுதங்கள் பூட்டிவைக்கப்படும். அவளை வணங்கிய குடிகளில் ஆங்கிள்களும் உண்டு; 1786இல் பினாங்கில் கொடி நட்ட ஆங்கிலேயரின் முன்னோர் அவர்கள். சீனப் புத்தாண்டின் பதினான்காம் இரவில் ஆர்மேனியன் தெரு கோயிலிலிருந்து தஞ்சோங் தோக்கோங் கடற்கரைக்குச் சாமி ஊர்வலமாகப் போவதைப் பார்த்து வளர்ந்ததால், தெய்வம் நகரும்போது ஊரே எப்படி மாறிப்போகும் என்பதை என்னால் உணர முடிந்தது. நெர்த்தஸின் வண்டியைக் குளத்தில் கழுவிய அடிமைகளை அங்கேயே மூழ்கடித்துவிடுவார்கள் என்று டாசிட்டஸ் சொல்வதற்கு மட்டும் பினாங்கில் இணை கிடையாது.

ஒன்றிலிருந்து மற்றது வந்ததாக நான் நினைக்கவில்லை. புஜியானுக்கும் வடகடலுக்கும் நடுவே அத்தகைய தொடர்பு இருந்ததில்லை. இறந்தவரை உறவினராகவே கருதிய சமூகங்கள், தெய்வத்திடமும் அக்கம்பக்கத்தாரிடம் பழகுவதுபோலப் பழகியிருக்கின்றன. பிற்காலம்தான் வேறாகிப்போனது. 720களில் போனிஃபேஸ் பாதிரியார் ஜெர்மனியின் கெய்ஸ்மாரில் இடித்தெய்வம் டோனாரின் புனிதக் கருவாலி மரத்தை வெட்டினார். 772இல் பிராங்கிய அரசர் சார்லமேன், சாக்சன்கள் என்ற ஜெர்மானியக் குடியின் புனிதத் தூணான இர்மின்சூலைத் தகர்த்தார். ஹொக்கியன் மக்களோ தாய்க்கோயிலின் தூபக்கலசச் சாம்பலைக் கொண்டுவந்து புதிய கோயில்களை எழுப்பினார்கள். அந்தச் சாம்பல்தான் நூலறுந்துபோகாமல் காத்தது.

நம் பள்ளிச் சந்தின் அந்தக் கோயில், ஏழாம் மாத மேடை, ஊர்வலம் இவற்றின் பழைய புகைப்படங்கள் உங்களிடம் இருந்தால் மலர்க்குழுவுக்கு அனுப்பிவையுங்கள். எந்த ஆண்டு, எந்த மூலை என்று பின்பக்கம் எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. கோயிலில் உதவிக்கு நின்ற ஹொக்கியன் தோழர்கள் எழுதினால் அடுத்த மலரில் அதற்கு முதல் இடம் தர வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.