ஒரு வாஷர் மிச்சம்

மூன்று வாரமாக என் பெய்ட்காஸ்ட் ரீல், அதாவது தூண்டில் கம்பில் லைனைச் (நரம்பை) சுற்றும் கருவி, கரகரவென்று முனகிக்கொண்டிருந்தது. முட்டுக்காட்டுக்குக் கொடுவா பிடிக்கப் போய்வந்து, கழுவாமல் அப்படியே பையில் போட்டுவைத்ததன் பலன். ஞாயிறு மதியம் எவர்சில்வர் தாம்பாளத்தில் பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்துப் பிரித்தேன். தாம்பாளம் முக்கியம். போன தடவை கிளட்சின் குட்டி ஸ்பிரிங் ஒன்று பறந்து, கடைசியில் கிரைண்டருக்கு அடியில் கிடைத்தது.

சத்தம் கியரில்தான் என்று நினைத்தேன். இல்லை. லைனை இடமும் வலமும் நகர்த்தும் லெவல் விண்டின் திருகுத் தண்டில், பள்ளம் முழுக்கக் கறுத்த கிரீஸும் மணலும் களிம்பாக அப்பியிருந்தன. பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். அந்தப் பள்ளத்தில் ஓடும் நகம் போன்ற துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், முனை ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. சரி, புதிதுக்கு ஆர்டர் போட்டாயிற்று.

லைன் சுற்றும் உருளையான ஸ்பூலின் பேரிங் இரண்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டு, காய்ந்ததும் ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். முன்பு ஒருமுறை நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அதில் கிரீஸை அடைத்து, வீச்சு பாதியாகக் குறைந்துபோனது. கிரீஸ் கியர் பற்களுக்கு, அதுவும் மெல்லிய பூச்சாக. கைப்பிடியைப் பின்னால் சுழலவிடாத ஆன்டி ரிவர்ஸ் பேரிங்கில் அது ஏறினால் கைப்பிடி பின்பக்கமும் வழுக்கும்.

மாட்டி முடித்தால் ஒரு வாஷர் மிச்சம்! "மிக்ஸியைப் பிரிச்சப்பவும் இதே கதைதானே" என்றார் அம்மா. போனில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மீன் இழுக்கும்போது லைன் எவ்வளவு இறுக்கமாக வெளியேற வேண்டும் என்று வைக்கும் நட்சத்திரத் திருகு, ஸ்டார் டிராக்; அதற்கு அடியில் போக வேண்டிய வளைந்த வாஷர். நல்லவேளை, கைப்பிடியையும் அந்த ஸ்டாரையும் மட்டும் கழற்றினால் போதும்.