அட்டாக்கிங் ப்ளேயர் என்று சொல்லும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

“நான் அட்டாக்கிங் ப்ளேயர்ண்ணே.” ஆன்லைனில் செஸ் ஆடும் தம்பிகளிடம் உன் பாணி என்ன என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் இதுதான். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் உலக சாம்பியன் ஆனார். இதற்கெல்லாம் பிறகு மதுரையில் திருநகர், அண்ணாநகர், மேலூர், திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் போனில் செஸ் ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தது 3 நிமிட ஆட்டம், அதுவும் நகர்வுக்குக் கூடுதல் நொடி கிடைக்காத 3+0. அந்த ஆட்டத்தில் எல்லாருமே அட்டாக்கிங் ப்ளேயர்தான். மிரட்டல் விடுகிறவருக்கு இரண்டு நொடி போதும். அதைச் சரிபார்த்துத் தடுக்கிறவருக்கு நாலு மடங்கு நேரம் வேண்டும். தாக்குகிறவருக்கு லாபம் அங்கேதான் இருக்கிறது, இதைப் போய் ஒருவரின் பாணி என்று எழுதிவைக்க முடியாது.

ஒருவரின் பாணி தெரிய வேண்டுமென்றால் அவர் கணக்கிலிருந்து ஒரே வகை ஆட்டமாக நாற்பது ஐம்பது எடுக்க வேண்டும். ஓரிரு நிமிட புல்லட்டையும் பத்துப் பதினைந்து நிமிட ரேப்பிடையும் கலந்தால் ஒன்றும் தேறாது. எதிராளியின் ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) 200-க்கு மேல் கூடவோ குறையவோ இருந்தால் அந்த ஆட்டத்தை ஒதுக்கிவிடலாம். தோற்ற ஆட்டங்களை முதலில் பார்க்க வேண்டும். நகர்வுகளை மதிப்பிடும் கணினி நிரலான எஞ்சினை உடனே ஓட விடக் கூடாது. லிசெஸ், செஸ்.காம் என்ற செஸ் தளங்கள் இரண்டிலுமே ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பது பதிவாகியிருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கணக்கு எளிது. 3+0 என்றால் கையில் 180 நொடி. 40 நகர்வு ஆட்டத்தில் ஒரு நகர்வுக்கு நாலரை நொடி. இப்போது தோற்ற ஆட்டத்தில் கதை முடிந்த நகர்வைத் தேடுங்கள், அதாவது எஞ்சின் மதிப்பு இரண்டு சிப்பாய் அளவுக்கு மேல் ஒரே அடியாகக் கவிழ்ந்த இடம். அந்த நகர்வை எத்தனை நொடியில் வைத்தார், அப்போது கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 நிமிடம் 40 நொடி மிச்சம் வைத்துக்கொண்டு, இரண்டே நொடியில் குதிரையைக் கொடுத்திருந்தால் அது நேர நெருக்கடி இல்லை, பழக்கம். எதிராளி ஏன் அப்படி வைத்தார் என்று பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அதே தவறு 9 நொடி மிச்சம் இருக்கும்போது நடந்திருந்தால் அந்த நகர்வைத் திட்டிப் பயனில்லை. நோய் முன்னாடியே தொடங்கியிருக்கும். 12-ஆவது நகர்விலிருந்து 18-க்குள் எங்கோ ஒரு இடத்தில் முப்பது நொடி உட்கார்ந்திருப்பார். திறப்பில், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளில், மனப்பாடம் செய்தது தீர்ந்துபோன இடம் அது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே ‘கவனக்குறைவு’தான். மருந்து வேறு வேறு. முதல் ஆள் மெதுவாக ஆடப் பழக வேண்டும், இரண்டாமவர் நடு ஆட்டத்தில் திட்டம் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். பெற்றோர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்வது ஒரே வாக்கியம்: “இன்னும் கவனமா ஆடுப்பா.” அதனால் ஒரு சிப்பாய்கூடக் காப்பாற்றப்பட்டதில்லை.

இதற்கு அடுத்து லிசெஸ்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ‘இன்சைட்ஸ்’ பக்கம். இருக்கிற எல்லா வரைபடத்தையும் பார்த்துத் தலை சுற்ற வேண்டாம். ராணிகள் வெட்டுப்பட்ட ஆட்டங்களில் முடிவு எப்படி, ராணிகள் நின்ற ஆட்டங்களில் எப்படி என்று பிரித்துப் பார்க்கலாம். பாணியைப் பற்றி இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ராணி போனதும் முடிவுகள் சரிந்தால் அவர் தாக்குதலில் கெட்டிக்காரர் என்பதைவிட, தாக்குதல் இல்லாவிட்டால் என்ன செய்வதென்று தெரியாதவர் என்பதே சரி. ‘ஆபர்ச்சூனிசம்’ என்று இன்னொரு அளவு உண்டு. எதிராளி தவறு செய்யும்போது எத்தனை முறை அதைப் பிடித்தார் என்று சொல்லும். ‘லக்’ என்பது அதன் மறுபக்கம், இவர் செய்த தவறை எதிராளி எத்தனை முறை கவனிக்காமல் விட்டார் என்பது. இவை சரியாக வர வேண்டுமானால் ஆட்டங்களுக்குக் கணினி அலசல் ஓட்டியிருக்க வேண்டும். நகர்வுகள் எவ்வளவு சரி என்று சொல்லும் அக்யூரசி சதவீதத்தை நம்பி ரொம்பத் துள்ள வேண்டாம். எதிராளி 12-ஆவது நகர்விலேயே ராணியைக் கொடுத்துவிட்ட ஆட்டத்தில் யாருக்கும் 90-க்கு மேல் வரும்.

3+0-இல் வளர்ந்தவரிடம் உண்மையான பலங்களும் உண்டு. கண் வேகம் அபாரம். குதிரை இரண்டு காய்களை ஒரே நேரத்தில் தாக்கும் இடம், கடைசி வரிசையில் அடைபட்ட ராஜாவுக்கு மேட், நகர்ந்தால் பின்னால் நிற்கும் பெரிய காய் போய்விடும்படி ‘பின்’ போட்டு மாட்டப்பட்ட காய் எல்லாம் பார்த்தவுடன் தெரியும். தோற்கிற நிலையில் சளைக்காமல் சிக்கல் கிளப்பி எதிராளியின் நேரத்தைத் தின்பார். போர்டில் மட்டுமே பழகியவர்களிடம் இந்தப் பிடிவாதம் அவ்வளவாக இருக்காது. இதை யாரும் கெடுக்க வேண்டாம்.

பலவீனம் பளிச்சென்று தெரிவது திறப்பில். லண்டன் சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். டி4, பிஷப் எஃப்4, இ3, சி3 என்று எதிராளி என்ன வைத்தாலும் ஒரே அடுக்கு. யோசிக்க வேண்டாம், எதிராளி ஆடும் முன்பே நகர்வைப் பதிந்துவைக்கும் ப்ரீமூவ் போட்டே வைத்துவிடலாம் என்பதால்தான் அவசரக்காரர்களுக்கு அதில் அவ்வளவு ஆசை. இந்த வரிசையைப் பாருங்கள் (ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்து கருப்பு; கட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் சிப்பாய் நகர்வு): 1. டி4 டி5 2. பிஷப் எஃப்4 சி5 3. இ3 குதிரை சி6 4. சி3 ராணி பி6. கருப்பு ராணி பி2 சிப்பாயைக் குறிவைக்கிறது. 5. ராணி பி3 என்று தடுத்தால் 5... சி4 விரட்டுகிறது. 6. ராணி சி2. இப்போது கருப்பு 6... பிஷப் எஃப்5 என்று வைக்கும். அந்த பிஷப்புக்குக் காவல் யாரும் இல்லை, சும்மா கிடைக்கிற காய் மாதிரி இருக்கும். வேகக் கை உடனே வெட்டும். 7. ராணி எஃப்5-ஐ வெட்டினால் 7... ராணி பி2-ஐ வெட்டும். ராணி சி2-வை விட்டுப் போனதால் பி2-வுக்குக் காவல் போய்விட்டது, மூலையில் ஏ1-இல் இருக்கும் யானைக்கு நகர இடம் இல்லை. பிஷப் கிடைத்தது, யானை போனது. சரியான பதில் 7. ராணி சி1, அவ்வளவுதான். “ஏன் சும்மா கொடுக்கிறான்?” என்று மூன்று நொடி நின்றிருந்தால் கிடைத்திருக்கும் பதில்.

ஃப்ரைடு லிவர் என்ற தாக்குதலும் இதே ரகம். 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 குதிரை எஃப்6 4. குதிரை ஜி5 டி5 5. இ பத்தி சிப்பாய் டி5-ஐ வெட்டும். கருப்பு குதிரையால் திருப்பி வெட்டினால், வெள்ளைக் குதிரை எஃப்7-ஐ வெட்டி ராஜாவை வெளியே இழுக்கும், விருந்துதான். ரேட்டிங் ஏற ஏற எதிராளிகள் 5... குதிரை ஏ5 வைக்கத் தொடங்குவார்கள். சிப்பாய் ஒன்று கையில், முன்முயற்சி எதிராளியிடம். அந்த நிலையை ஆடத் தெரியாமல் அங்கேயே தேங்கி நிற்பவர்கள் நிறைய.

கடை ஆட்டம் இன்னும் மோசம். 3+0-இல் கடை ஆட்டம் என்பது விரல் ஓட்டப் பந்தயம். லிசெஸ்ஸில் ப்ரீமூவுக்கு நேரமே கழியாது, செஸ்.காமில் 0.1 நொடிதான். கடை ஆட்டம் தெரியாவிட்டாலும் வெல்லலாம் என்பதால் யாரும் படிப்பதில்லை. குறைந்தபட்சம் இரண்டைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ராஜா, ஒரு சிப்பாய் என்றால் ராஜா முன்னே, சிப்பாய் பின்னே. வெள்ளை ராஜா இ6-இல், சிப்பாய் இ5-இல், கருப்பு ராஜா இ8-இல் என்றால் யார் முறையானாலும் வெள்ளைக்கு வெற்றி. வேகக்காரர் சிப்பாயை முதலில் தள்ளிவிட்டு டிரா வாங்கிக்கொண்டு வருவார். இரண்டாவது, யானை ஆட்டத்தில் ஃபிலிடோர் நிலை. காக்கும் கருப்பு ராஜா சிப்பாய்க்கு எதிரே நிற்க, கருப்பு யானை 6-ஆவது வரிசையைப் பிடித்து வெள்ளை ராஜாவை ஏற விடாமல் தடுக்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய் அதே 6-ஆவது வரிசைக்கு ஏறிய மறு நகர்விலேயே யானை 1-ஆவது வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது. சிப்பாய் ஏறும் முன்பே அவசரப்பட்டு யானையை இறக்கினால் அந்தச் சுலபமான டிரா கைநழுவும்.

போன் சார்ந்த தோல்விகளைத் தனியாக ஒதுக்கிக் கணக்குப் பார்க்க வேண்டும். திருமங்கலம் பஸ்ஸில் சிக்னல் போய் நேரம் தீர்ந்தது, விரல் பக்கத்துக் கட்டத்தில் பட்டது எல்லாம் ஆட்டத் திறமையோடு சேராது. பயணத்தில் ரேட்டட் ஆட்டம் வேண்டாம், பசில் போடலாம். இரவு 11-க்கு மேல் ஆடியவற்றையும் பிரித்துப் பாருங்கள். தூங்கா நகரம் என்று பெயர் இருப்பதற்காக ஆட்டக்காரரும் தூங்காமல் இருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று ஆடும் ஆட்டங்களில் நகர்வு நேரம் சுருங்கிக்கொண்டே போவதை அதே கடிகாரப் பதிவில் பார்க்கலாம்.

திருத்துவதற்கு பிளிட்ஸை, அதாவது இந்த மாதிரி 3 நிமிட வேக ஆட்டங்களை, ஒரேயடியாக விடச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. 3+0-ஐ 3+2 ஆக்கினாலே கடை ஆட்டம் ஆடக் கிடைக்கும். அதோடு வாரத்துக்கு மூன்று 15+10 ஆட்டம் வேண்டும். 40 நகர்வுக்கு 1,300 நொடி, நகர்வுக்கு முப்பது நொடிக்கு மேல் கிடைக்கும். அந்த ஆட்டங்களில் ப்ரீமூவை அணைத்துவிடுங்கள். முடிந்ததும் எஞ்சினைத் திறக்கும் முன் நோட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எங்கே திட்டம் இல்லாமல் நின்றேன், எதிராளியின் எந்த நகர்வு எதிர்பாராதது, எந்த நகர்வு சந்தேகம். பிறகு எஞ்சின் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். சந்தேகப்படாத இடத்தில் எஞ்சின் சிவப்புக் காட்டினால் வேலை செய்ய வேண்டிய இடம் அதுவே. பசிலுக்கும் லிசெஸ்ஸில் பலம், பலவீனம் பிரித்துக் காட்டும் பக்கம் இருக்கிறது. அதில் கடைசியில் நிற்கும் தலைப்பை மட்டும் எடுத்து, தினம் பத்து, நேரம் பார்க்காமல், விடையை முழுசாக மனசில் பார்த்த பிறகே காயைத் தொட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் பழக வேண்டும். ஆப் விதிமீறிய நகர்வை அனுமதிக்காது, போர்டு அனுமதிக்கும். செக்கில் இருக்கும்போது வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினால், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, நீண்ட நேர கிளாசிக்கல் ஆட்டத்தில் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். அதே ஆள் இன்னொரு முறை செய்தால் பெரும்பாலும் ஆட்டமே போகும். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும், எந்தக் கையால் காயை வைத்தாரோ அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். நகர்வை முன்கூட்டியே தாளில் எழுதிவிட்டுப் பிறகு வைப்பதும் கூடாது, வைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். வீட்டில் ஒரு போர்டு, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு வைத்து அந்த 15+10 ஆட்டங்களில் ஒன்றையாவது எதிரே ஆளை உட்கார வைத்து ஆடினால் இவை தானாகக் கைக்கு வரும்.